ஒடாஹுஹு பஸ்ஸில் ஒரு செருப்புப் பேச்சு

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டில், ஒடாஹுஹு என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் யாழ்ப்பாணத்துக் கணவனும் மனைவியும் இருந்தார்கள். சீக்கியர் கோயிலுக்குப் போகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நீர் உள்ள போய்க் கும்பிடும். நான் வாசலில இருந்து சனத்தின்ர செருப்புத் துடைக்கப்போறன்," என்றார் அவர்.

"உங்களுக்கென்ன விசரே? ஆரின்ர செருப்பெண்டும் தெரியாமல் தொடுறதோ?"

"அமிர்தசரஸில பொற்கோயில் பாக்கப் போனமே. அங்க தொண்டா என்ர செருப்பை வாங்கித் துடைச்சு வைச்ச தாடிக்காரர் ஒரு டொக்டராம். அவர் ஆரின்ர செருப்பெண்டு கேட்டவரோ?"

"அது அவையின்ர வழக்கம். மெல்லக் கதையுங்கோ."

அவர் குரலைக் குறைக்கவில்லை.

"இங்கையும் அதே வழக்கம்தான்."

மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்கட ஊர்ச் செல்லத்துரையும் ஞாயிறுகளில இந்தக் கோயிலில சாப்பிட வாறவன். சாதி குறைவெண்டு உங்கட ஐயா அவனை எங்கட வீட்டுப் படலை வாசலில செருப்பைக் கழட்டிக் கையில கொண்டு போகவைச்சவர். இண்டைக்கு அவன்ர செருப்பும் அந்தச் செருப்புகளுக்குள்ள கிடக்கும், தெரியுமோ?"

"தெரியும்," என்றார் அவர், இறங்குவதற்கு மணியை அடித்தபடி. "அதுக்குத்தான் போறன்."