விடுதிக்கு ஒன்பது ஆய்வறிக்கைகள்

அந்த அம்மாளை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் நாற்காலி கொடுத்து உட்கார வைத்தேன். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எங்கள் நகராட்சியில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு யாரும் நாற்காலி தருவதில்லை.

என் பெயர் லஸ்ஹர். சுகாதாரப் பிரிவில் இருபத்தாறு வருடமாக ஆய்வாளர். இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, காப்பிக்கடை, பள்ளி, விடுதி என்று நூற்றுப் பத்து இடங்கள். பார்க்க நான் ஒருவன். இருந்த ஒரே வண்டி மூன்று வருடமாக மெக்கானிக்கிடம் கிடக்கிறது. என் முழங்கால் அதற்கும் முன்பே போய்விட்டது. சாக்குச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

அரசு அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தை யாரும் கேட்டு வாங்கலாம் என்று புரட்சிக்குப் பிறகு சட்டம் வந்ததல்லவா, அந்த மனுக்களும் என் மேசைக்குத்தான் வரும். இருபது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் துனிஸில் இருக்கும் ஆணையத்துக்குப் போய்விடுவார்கள். அதுவரை எங்கள் ஊரில் இரண்டு பேர்தான் மனுப் போட்டிருந்தார்கள். இருவரும் வக்கீல்கள்.

போன செப்டம்பரில் மூன்றாவதாக இந்த ஹத்தா அம்மாள் வந்தார். ஆலிவ் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. மனுவை அவர் மகள் நவ்ரஸ் எழுதியிருந்தாள். அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. பெண்கள் உயர்நிலைப் பள்ளி விடுதியின் சமையலறையையும் தண்ணீர்த் தொட்டியையும் நகராட்சி கடந்த இரண்டு வருடத்தில் ஆய்வு செய்த அறிக்கைகள் அத்தனைக்கும் நகல் வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

காரணத்தை ஹத்தாவே சொன்னார். வசந்தத்தில் விடுதியில் மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நவ்ரஸுக்கு அது வரவில்லை, ஆனால் வயிறு கெட்டு ஒரு மாதம் படுத்துக் கிடந்தாள். வீடு பதினான்கு கிலோமீட்டர் மேலே, பஸ் கிடையாது. விடுதியில் தங்கினால்தான் படிப்பு, இல்லையென்றால் அவளும் ஆலிவ் பறிக்கத்தான் போக வேண்டும். இந்த வருடம் பொதுத்தேர்வு வேறு. "காகிதத்தைப் பார்த்துட்டுத்தான் அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்" என்றார். பள்ளி திறந்தும் மகளை வீட்டிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்.

மனுவை எடுத்துக்கொண்டு செயலாளர் ஸி முன்ஜியிடம் போனேன். விடுதிக் கோப்பு சற்றுக் குறைவாக இருக்கிறது என்றேன். எவ்வளவு குறைவு என்று கேட்டார். உள்ளே ஒன்றுமே இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லைன்னு எழுதினா, ஏன் இல்லைன்னு அடுத்த மனு வரும். ஏதாச்சும் கொடுத்து அனுப்பு லஸ்ஹர், உனக்குத் தெரியாததா."

அவர் இவ்வளவுதான் சொன்னார். அவர்மேல் பழி போடாதீர்கள். 'அறிக்கை ஏதும் இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் என் வேலை போயிருக்காது. ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள். அந்தக் கடிதத்தை எழுத நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது.

அதனால் மூன்று பிற்பகல்கள் உட்கார்ந்து ஒன்பது அறிக்கை எழுதினேன். விளையாட்டாகச் செய்யவில்லை, நிதானமாகச் செய்தேன். இரண்டு நீலப் பேனா, ஒரு கறுப்பு. குறையே இல்லாத அறிக்கையை யாரும் நம்பமாட்டார்கள் என்று இத்தனை வருடத்தில் தெரிந்து வைத்திருக்கிறேன். ஆகவே ஓர் அறிக்கையில் சமையலறை ஜன்னல் வலை கிழிந்திருக்கிறது என்று எழுதினேன், அடுத்ததில் மாற்றிவிட்டார்கள் என்று எழுதினேன். தண்ணீரில் குளோரின் ஒருமுறை குறைவு, அடுத்த முறை சரி. எல்லாவற்றிலும் கடைசியில், நண்பகல் உணவை ருசி பார்த்தேன், திருப்தி என்று ஒரு வரி. நான் எந்த அறிக்கையையும் அப்படித்தான் முடிப்பேன், அது கைப்பழக்கம். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த காலண்டரை வைத்துக்கொண்டு ஞாயிறு, அரசு விடுமுறை எதுவும் விழாமல் தேதி போட்டேன். உண்மையைச் சொன்னால், பல வருடமாக இவ்வளவு ஒழுங்காக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

பதினெட்டாம் நாள் அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். நவ்ரஸ் ஒல்லியான பெண், பதினெட்டு வயது, பேனாவைக் காதில் செருகியிருந்தாள். ஒன்பதையும் அங்கேயே உட்கார்ந்து தாயாருக்கு வாசித்துக் காட்டினாள். ஜன்னல் வலை வந்த இடத்தில் சிரித்தாள்.

"பாத்தியா உம்மா, வலை கிழிஞ்சதைக்கூட விடாம எழுதியிருக்காரு. நீதான் சும்மா பயந்து சாகற."

ஹத்தா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காகிதம் சரிதான், ஸி லஸ்ஹர். உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா? அதைச் சொல்லுங்க, போதும்."

"அனுப்புவேன், லல்லா ஹத்தா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு துஆ செய்தார். மகள் அன்று மாலையே விடுதிக்குப் போய்விட்டாள்.

நீங்கள் கேட்கப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். அந்த விடுதிக்கு நான் போகவே இல்லை என்பது முழு உண்மை அல்ல. போன வருடம் பிப்ரவரியில், அந்த மூன்று பெண்களுக்கும் காமாலை வருவதற்கு முன்பே, ஒரு தடவை போனேன். நிலத்தடித் தொட்டிக்கும் கழிப்பறைக் குழிக்கும் நடுவே நாலு எட்டுகூட இருக்காது. குழிச் சுவர் வெடித்து, அந்தப் பக்கத்து மண் ஈரமாக இருந்தது. தொட்டி மூடியைத் தூக்கியதுமே வாடை அடித்தது. குளோரின் பார்த்தேன், துளிகூட இல்லை. காப்பாளர் அம்மாள் தேநீர் கொடுத்தார், சீக்கிரம் கவனிக்கிறோம் என்றார். வெளியே நல்ல மழை. அறிக்கை எழுதினால் விடுதியை மூட வேண்டி வரும், அறுபது பெண்களை எங்கே வைப்பது என்று என்னைத்தான் கேட்பார்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் தங்கை மகளும் அந்த விடுதியில்தான் இருந்தாள். அந்த வாரமே அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். காரணம் கேட்டதற்கு, வீட்டில் மாமிக்கு ஒத்தாசை வேண்டும் என்று சொன்னேன்.

நவ்ரஸுக்கு நவம்பர் முதல் வாரத்தில் கண் மஞ்சளானது. அந்த நோய் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது என்று டாக்டர்களே சொல்வார்கள். இவளுக்கு ஈரல் கெட்டுவிட்டது. பதினோரு நாள் கிடந்து இறந்துபோனாள். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நாற்பதாம் நாள் கழிந்து ஹத்தா தனியாக வந்தார். அதுதான் மூன்றாவது முறை. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். பையிலிருந்து ஒன்பது காகிதத்தையும் எடுத்தார். பள்ளி ஆசிரியை ஒருத்தரை வைத்து மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒன்றில் மட்டும் மூலை மடித்திருந்தது. போன வருடம் மார்ச் பத்தொன்பது, செவ்வாய், நண்பகல், மக்ரோனா ருசி பார்த்தேன், திருப்தி. அறையில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஸி முன்ஜியும் இருந்தார். ஹத்தா குரலை உயர்த்தவே இல்லை.

"காலண்டர் தேதி எனக்குத் தெரியாது. டீச்சர் எண்ணிச் சொன்னாங்க, அன்னிக்கு எட்டாவது நோன்பாம். ரமலான்ல பகல்ல அந்த விடுதியில அடுப்பே எரியாது, பொழுது சாஞ்சு மஃரிபுக்குத்தான் சாப்பாடு. நடுப்பகல்ல நீங்க எந்தச் சட்டியில ருசி பார்த்தீங்க, ஸி லஸ்ஹர்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே, ஐயா. மருந்துக் கம்பெனிக் காலண்டரில் பிறைக் கணக்குப் போட்டிருக்கவில்லை, எனக்கும் யோசனை போகவில்லை. எழுதியதில் கைப்பிசகு என்று மழுப்பியிருக்கலாம். பழைய காகிதம் எங்கேயோ கலந்துவிட்டது என்று சொல்லியிருந்தால்கூட அந்த அம்மாளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் நான் நோன்பு நாளில் பகலில் சாப்பிடுகிறவன் என்று ஏழெட்டுப் பேர் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதா?

"அன்னிக்கு நான் வாயில தண்ணிகூட வைக்கல" என்றேன். "அந்த விடுதிப் பக்கமே போகல. இதுல போட்ட எந்தத் தேதியிலயும் போகல. உட்கார்ந்த இடத்துல எழுதினது அத்தனையும்."

ஹத்தா காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். எழுந்து நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

ஆகவே விசாரிக்க இனி ஒன்றும் இல்லை. ஒன்பதையும் எழுதியது நான். தொட்டியில் கழிவு கலக்கிறது என்று தெரிந்தே நல்ல தண்ணீர் என்று எழுதினேன். அனுப்பலாமா என்று தாய் கேட்டபோது, என் வீட்டுப் பெண்ணை நான் வெளியே எடுத்த இடத்துக்கு அவர் பெண்ணை அனுப்பச் சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. வாக்குமூலத்தைக் கொண்டாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். நீங்கள் தட்டச்சு செய்ததில் இரண்டாம் பக்கம், 'ரமலான் பகலில் உணவு உட்கொண்டதாகக் கூறப்படும் நபர்' என்று என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. எனக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள், தகப்பன் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரிப்பார்கள்.