மாதா போத்தல்

பிரியந்தி: குடியடா தம்பி, தேத்தண்ணி ஆறுது.

றொஜன்: குடிக்கிறன் அக்கா.

பிரியந்தி: லூர்தில சரியான சனமோ?

றொஜன்: ஓம்... மாதா கோயிலடியில நிக்க இடமில்லை.

பிரியந்தி: யானையும் வரிசையிலதான் நிண்டதோ?

றொஜன்: என்ன யானை?

பிரியந்தி: உன்ர மனுசி குடும்பக் குறூப்பில படம் போட்டவள். ரண்டு நிமிசத்தில அழிச்சவள். எனக்குப் பார்க்க ஒரு நிமிசம் காணும்.

றொஜன்: ஐயோ பிறின்சி...

பிரியந்தி: எங்க போனனீ?

றொஜன்: பொட்ஸ்வானா. ஒக்கவாங்கோ எண்டு ஒரு சதுப்பு... ஒரு வருசத்துக்கு முதலே புக் பண்ணினது அக்கா.

பிரியந்தி: என்ர பிள்ளையின்ர சாமத்தியவீடு. தாய்மாமன் இல்லாமல் தண்ணி வார்த்தனாங்கள். கேட்ட சனத்துக்கெல்லாம், "தம்பி என்ர முழங்காலுக்கு நேர்த்தி வைச்சு லூர்துக்குப் போட்டான்" எண்டனான்.

றொஜன்: ஆடியிலதான் அங்க வெள்ளம், அதுதான்...

பிரியந்தி: ஆடியில மழையோ?

றொஜன்: இல்லை, அதுதான் புதினம்! மழை பெய்யிறது தையில, அங்கோலா மலையில. நிலத்தில சாய்வே இல்லை. தண்ணி மெல்ல மெல்ல ஊர்ந்து, அஞ்சாறு மாசத்தால, மற்ற இடமெல்லாம் காய்ஞ்சு கிடக்கேக்கதான் வந்து சேரும். கடலுக்கும் போகாது, அப்பிடியே மணலுக்குள்ள...

பிரியந்தி: அந்தத் தண்ணிக்கு ரோசம் இருக்கு. ஊர்ந்தெண்டாலும் வந்து சேருது. நீ உன்ர வீடு இருக்கிற பார்க்கிங்கில இருந்து, பக்கத்து ஊர் ஈஸ்ட்ஹாம் ஹோலுக்கு வரேல்லை.

றொஜன்: தேத்தண்ணி நல்லாக் கிடக்கு அக்கா.

பிரியந்தி: குடி. எங்க படுத்தனீங்கள்?

றொஜன்: ரென்ற்.

பிரியந்தி: கூடாரமோ! அகதி முகாமில கூடாரத்துக்குள்ள கிடந்து அழுதனீ, மறந்து போச்சோ?

றொஜன்: இது வேறை அக்கா. செம்பில குளிக்கிற தொட்டி, வெள்ளை விரிப்பு... இருட்டினாப் பிறகு மட்டும் தனிய வெளிய போகேலாது. காவலுக்கு ஆள் வருவார்.

பிரியந்தி: அதுவும் முகாம்தான். சரி, மாதா உருவத்தில அந்தப் போத்தல்? நான் வெறுமையாத் தந்தனான், நீ நிரப்பித் தந்தனீ. லூர்து மாதாவின்ர புதுமைத் தண்ணி, முழங்காலுக்கு ஒவ்வொரு வாய் குடியுங்கோ எண்டு.

றொஜன்: அக்கா... குடிச்சனீங்களோ?

பிரியந்தி: எங்க அள்ளினனீ?

றொஜன்: வள்ளத்தில போகேக்க... வாய்க்கால்ல. தெளிஞ்ச தண்ணி அக்கா, நாணல் வடிகட்டும்.

பிரியந்தி: அதுக்குள்ள புல்லு மிதந்தது. ஆர் வெட்டின வாய்க்கால்?

றொஜன்: ஒருத்தரும் வெட்டேல்லை! நீர்யானை இரவில மேயப் போய் வந்து, அது நடக்கிற தடம்தான் வாய்க்காலா...

பிரியந்தி: பகல்ல?

றொஜன்: பகல் முழுக்கத் தண்ணிக்குள்ளதான் கிடக்கும்.

பிரியந்தி: வெளிக்குப் போறதும் அதுக்குள்ளயோ?

றொஜன்: ஓம், வாலால விசிறி அடிக்கும். அதுதான் மீனுக்கெல்லாம்... அக்கா, பகிடி விடாதேங்கோ. குடிச்சனீங்களோ? எழும்புங்கோ, டொக்டரிட்டப் போவம்.

பிரியந்தி: இரடா. நான் ஒரு சொட்டும் குடிக்கேல்லை.

றொஜன்: அப்பாடா! அப்ப அந்தத் தண்ணி?

பிரியந்தி: பயப்பிடாத, நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் தேயிலை போட்டனான். அரைப் போத்தல் கிடக்கு, இன்னொரு கப் ஊத்தட்டோ?