சுஜி சொல்லுத அறபி

இல்ல சிஸ்டரே, நா சண்டைக்கு வரல. ஒங்க நர்சு சுஜியப் பத்தித்தான். நல்ல புள்ளதான், ஆரு இல்லன்னா? வேலையில ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா அவ வார்டுக்குள்ள வந்தாலே எனக்கு வயிறு எரியுது. மாதாவாண, அதுதான் உள்ளது.

எனக்க மாப்பிள மரியஜான ஒங்களுக்குத் தெரியும்லா, ஜன்னல் பக்கத்துக் கட்டிலு. முப்பது வருசம் கத்தாருல அறபிக்க போட்டுல மீன் பிடிச்ச ஆளு. பக்கவாதம் வந்து விழுந்தவரு கண்ணு முழிச்சா, தமிழ் ஒரு சொல்லு இல்ல, வாயில வாறதெல்லாம் அறபி. மூளையில அடிபட்டா அப்படியும் வருமாம், டாக்டரு சொன்னாரு. நா பக்கத்துல இருந்து முழிக்கேன். சுஜி சவுதி ஆஸ்பத்திரியில வேல பாத்தவளா, பட்டுன்னு பதில் பறையுதா. குடிக்க வெள்ளம் வேணும்னாலும் அவ, முதுகு வலிச்சாலும் அவ. அவளக் கண்டா போரும், இவருக்க மூஞ்சி தெளிஞ்சிரும். ரெண்டுபேருமா சிரிக்காவ. என்ன சிரிப்புன்னு கெட்டுன பெஞ்சாதி நா அவகிட்ட கேட்டுத் தெரியணும்.

ஆமா, எனக்க மவளுக்க வயசுதான். அதுக்கு நா என்ன செய்ய, எரியத்தானே செய்யுது.

முந்தாநாளு என்னப் பாத்து என்னமோ பறைஞ்சாரு. என்னட்டின்னு சுஜிகிட்ட கேட்டேன். அவ அவருக்க போர்வைய இழுத்து விட்டுட்டு, நீ சோறு தின்னியான்னு கேக்காரு அம்மான்னா. எனக்கு அப்பவே சம்சயம். முப்பது வருசமா போன்ல வீடு கெட்டுத வேல எது வர ஆச்சு, பய படிக்கானா, இதுதான் கேப்பாரு. நீ தின்னியான்னு ஒருநாளும் கேட்டதில்ல அந்த மனுசன்.

ரெண்டுபேரும் என்னத்தையோ மறைக்காவன்னு நெனச்சேன். நேத்தும் அவரு அதையே பறைஞ்சாரு, அவளும் அதையே சொன்னா. நா ரெண்டுபேருக்கும் தெரியாம அவரு பறைஞ்சத போன்ல பிடிச்சு, கத்தாருல இருக்க மவன் ரெனிஷுக்கு அனுப்பிட்டேன். அவனுக்கு அறபி தெரியும். கூப்பிட்டான், பக்கத்துல ஆரு இருக்கான்னு கேட்டான். பெறவு சொன்னான். அவரு என்னப் பாத்து, இந்தப் பொம்பள யாரு, எதுக்கு எப்பளும் இங்கயே இருக்கான்னு கேக்காராம்.

அய்யோ, எதுக்கு எந்திக்கீங்க? அவள ஏசவா? வேண்டாம் சிஸ்டரே. நாளையிலேருந்து அவளுக்கு மேல்மாடியில டியூட்டின்னு பேசிக்கிடுதாவ. மாத்திராதீங்க, அதக் கேக்கத்தான் வந்தேன். இன்னைக்கு ரெண்டு மணிக்குத்தானே அவ வருவா? நா இன்னும் சோறு தின்னல. அவரு கேட்ட பெறவு தின்னுக்கிடுதேன்.