ஏலியின் நேர்ச்சை

மலைமேல் இருக்கும் கோயில்களில் வாரநாள் பூசைக்கு ஆள் வராது. இது யாருடைய குற்றமும் இல்லை. விடிந்ததும் மாட்டைக் கறக்க வேண்டும், ஏழு மணிக்கு ஏலத்தோட்டத்தில் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பதே பெரிது.

நீங்கள் இளையவர். பிஷப் வீட்டில் எழுத்து வேலை பார்ப்பவர். ஆளில்லாத கோயிலில் பூசை வைத்திருக்கமாட்டீர்கள். 'சமாதானம் உங்களோடு' என்று கை விரித்துத் திரும்பினால் மறுமொழி சொல்ல ஒருவராவது வேண்டும். ஈட்டிப்பாறையில் முதல் ஆறு வருடம் எனக்கு மறுமொழி சொன்னது கப்பியார் பைலி மட்டும்தான். மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, குழி வெட்டுவது எல்லாம் அவன் வேலை. மறுமொழியையும் கொட்டாவிக்கு நடுவேதான் சொல்வான். சமையல்காரி நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். அதன் பிறகு மறுநாள் பூசைவரை நான் வாய் திறக்கக் காரணம் இருக்காது. காலையில் முதல் வார்த்தை தொண்டையில் ஒட்டிக்கொண்டு, யாரோ அந்நியன் பேசுவதுபோல வரும்.

பிறகு ஏலி வந்தாள். ஐம்பது வயது விதவை, கோயிலுக்கு மேலே இரண்டு மைலில் வீடு. ஒரே மகன் தொம்மி இருபத்திரண்டு வயதில் அப்பனோடு சண்டை போட்டுவிட்டு ஓடிப்போனவன். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. அப்பனும் இறந்தபின், மகன் இருக்குமிடம் தெரியும்வரை ஒருநாள் பூசையைக்கூட விடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்தபடியே வந்தாள். முன்வரிசையில் முழங்காலிட்டு, மறுமொழிகளைக் கணீரென்று சொன்னாள். பூசை முடிந்ததும் என் வராந்தாவில் நின்றபடியே பால் விடாத கட்டன் காப்பி ஒன்று குடித்துவிட்டுப் போவாள். மலையில் பாதிரியாரை 'அச்சன்' என்பார்கள்; கூப்பிடும்போது 'அச்சோ'.

"இன்னிக்கு உங்க பிரசங்கம் கயித்த அறுத்துக்கிட்டு ஓடுன மாடு மாதிரி இருந்துச்சு அச்சோ. பின்னாடியே ஓடி எனக்கு மூச்சு வாங்கிருச்சு."

"கேட்டதே நீ ஒருத்திதான் ஏலி. புடிச்சுக் கட்டியிருக்கலாமே."

"கட்டிருவேன். அப்புறம் பிஷப்பு வந்து எத்தன படி பால் கறக்குதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

நான் சிரித்தேன். பைலி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். நான் சிரித்து அவன் கேட்டதில்லை.

அவள் வரத் தொடங்கிய இரண்டாம் வருடம் தொம்மியின் முதல் கடிதம் வந்தது. அப்பனுக்குப் பயந்து என் பெயருக்கு எழுதியிருந்தான். பம்பாயில் ஆலை வேலை, கல்யாணமும் ஆகிவிட்டது. அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றிருந்தான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவள் கொட்டுகிற மழையில் நனைந்து வந்து முன்வரிசையில் முழங்காலிட்டாள். நான் சமாதானம் சொன்னேன். அவள் மறுமொழி சொன்னாள். அன்று புதன்கிழமை. இப்படிப்பட்ட செய்தியை ஞாயிறன்று சொல்வதுதான் முறை என்று தோன்றியது. ஞாயிறு போனபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று தோன்றியது. அவனுக்குப் பதில் எழுதினேன்: அப்பன் இறந்துவிட்டார், அம்மாவின் மனம் இன்னும் ஆறவில்லை, உன் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள், பொறுத்திரு.

அவன் பொறுத்திருந்தான். நல்ல பையன். மகள் பிறந்தபோது அம்மாவின் பெயரையே வைத்திருப்பதாக எழுதினான். நல்ல காரியம் என்று பதில் போட்டேன். அவனுடைய கடிதங்கள் இருபத்தொன்றும் உங்கள் முன்னால் இருக்கின்றன. ஒன்றையும் நான் கிழிக்கவில்லை. கெட்ட எண்ணம் உள்ளவன் கிழித்திருப்பான்.

கடிதம் வரத் தொடங்கிய ஆறாம் வருடம் ஆடி மழையில், பதினொரு மணி பஸ்ஸில் அவனே வந்து இறங்கினான். தாடியும் கண்ணாடியுமாக இருந்தான். பஸ் நிற்கும் இடத்துக் கடைக்காரருக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. நேராக என்னிடம்தான் வந்தான்.

"அச்சோ, அம்மா திட்டுனாலும் பரவால்ல. அடிச்சாலும் வாங்கிக்கிறேன். ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடுறேன். நீங்க கூட வர்றீங்களா?"

நான் அவனை உட்காரச் சொன்னேன். அவன் உட்காரவில்லை. ஒரு மணி நேரம் ஏறினால் வீடு. அவள் அப்போது மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

"தொம்மி, நீ கொஞ்சம் பிந்திட்டப்பா" என்றேன்.

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். சொன்னபின் மற்றவை தானாக வந்தன. நாலு மாதம் முன்பு, காய்ச்சலில். கடைசியில் உன்னை மன்னித்துவிட்டாள். வீட்டைச் சித்தப்பன்மார் எடுத்துக்கொண்டார்கள், அங்கே போனால் வெட்டுக்குத்தாகும். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான்.

தோட்டக் கூலிக்காரி ஒருத்தியைப் பங்குனியில் புதைத்திருந்தோம். கேட்க ஆளில்லாதவள். மரச்சிலுவையில் பைலி எழுதிய பெயர் மழையில் அழிந்துபோயிருந்தது. அதைக் காட்டினேன். அவன் சேற்றில் முழங்காலிட்டான். ஒப்பீசு சொல்லுங்கள் அச்சோ என்றான். மரித்தோருக்கான அந்தச் செபத்தில் பெயரைச் சொல்லவேண்டிய இடம் வந்தபோது, ஏலி என்று சொன்னேன். குரல் தடுமாறவில்லை.

அவன் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒருவர் என்னைத் தொட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று கணக்குப் பார்த்தேன். தெரியவில்லை. அவனுக்குக் கப்பைக் கிழங்கு அவித்துக் கொடுத்தேன். இரண்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை ஏலி வழக்கம்போல வந்தாள். மகனுக்காகப் பூசையில் வேண்டிக்கொள்ளச் சொன்னாள். வேண்டிக்கொண்டேன்.

தை மாதம் ஒரு ஞாயிறு, பூசை விட்டு எல்லோரும் வெளியே நிற்கும்போது லாரி ஒன்று வந்தது. கறுப்புக் கல் ஒன்றை இறக்கி வைத்தார்கள். பம்பாயிலிருந்து பணம் கட்டிச் செய்யச் சொன்னதாம். பைலி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"சேட்டத்தி, உங்க பேருதான் போட்டிருக்கு. ஆள் போறதுக்கு முன்னாடியே கல்லு வந்து எடம் புடிச்சிருச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏலியும்தான்.

"நான் வர லேட்டாகும்னு சொல்லி அனுப்புடா. யாரு குடுத்துவிட்டதாம்?"

பைலி அடுத்த வரியைப் படித்தான். 'மகன் தொம்மி.' சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் எழுத்தறியாதவள். அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று பைலியிடம் கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்தாள். லாரிக்காரன் சீட்டில் கையெழுத்துக்காக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அச்சோ, எம்மவன் உசுரோட இருக்கானா?"

"இருக்கான்."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான். ஒரு மகள் இருக்கா."

அவள் முகம் எப்படி ஆனது என்று என்னால் சொல்ல முடியாது. என் பூசை எதிலும் நான் அதைப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"ஆறு வருஷமா."

பைலிதான் என்மேல் பாய்ந்தான். அவள் அவனைத் தடுத்தாள். "விடு. எனக்கு நேரமில்ல. பம்பாய்க்கு எந்த வண்டிடா?" என்றாள். என்னிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். எட்டு வருடப் பழக்கம். ஒரு வசவாவது வைதிருக்கலாம்.

கடிதங்களை மறைத்தேன், உயிரோடிருந்தவளுக்கு ஒப்பீசு சொன்னேன். இரண்டையும் நான்தான் செய்தேன். பிஷப் கேட்டது அவ்வளவுதான் என்றால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். பைலி பம்பாய் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சிரிக்கிறாளாம், கோயில் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லையாம். பாருங்கள். அந்த ஆத்துமாவை ஆறு வருடம் கடவுளை விட்டுப் போகாமல் நான் ஒருவன்தான் காப்பாற்றி வைத்திருந்தேன்.