வெந்நீர்த் துண்டு

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார், உங்கள் இடது கிருதா வலதைவிட ஒரு நூல் இறங்கியிருக்கிறது. வெட்டியவர் அவசரத்தில் இருந்திருப்பார். தாடைக்குக் கீழே இருக்கிற கீறல் மட்டும் உங்கள் சொந்தக் கைவேலை. இன்று காலையில் நீங்களே சவரம் செய்திருக்கிறீர்கள். எங்கே போனாலும் நான் முதலில் தலையைத்தான் பார்ப்பேன், தொழில் புத்தி. கூட்டிவந்த காவலருக்கு உச்சியில் வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது. பாவம், அவருக்கு இன்னும் தெரியாது போலிருக்கிறது.

சொல்கிறேன், சார். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம், அவ்வளவு பெரிய கதையில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நூலகத்து மாடியில் நாங்கள் சிலர் கூடுவோம். எல்லோரும் ஒரு காலத்தில் குடித்தே குடும்பத்தைக் கரைத்தவர்கள். அங்கே பெயர் சொல்லும் வழக்கம் கிடையாது, தொழில்தான் பெயர். நான் கத்தரி. என் பக்கத்தில் உட்கார்பவர் வாத்தியார். அடுத்து தையல். செத்துப்போனவன் லிஃப்ட். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். உங்கள் காகிதத்தில் அவனுக்கு ஒரு முழுப்பெயர் இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன். நல்ல பெயர்தான், அவனுக்குப் பொருந்தவில்லை.

குடியை விட்டு நாளானவர் ஒருவர், புதிதாக வருகிறவருக்குக் கைத்தாங்கலாக இருக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போக வேண்டும். லிஃப்டுக்கு நான்தான் கைத்தாங்கல். நான் குடியை விட்டுப் பல வருடம் ஆகிறது. அதற்குள் என் பெண்டாட்டி என்னை விட்டுவிட்டாள், அது வேறு கணக்கு. வீட்டில் நானும் ஒரு ரேடியோவும். அதனால் எனக்குப் போன் வந்தால் சந்தோஷம்தான்.

போனும் நிறைய வந்தது. லிஃப்ட் அடிக்கடி விழுந்தான். விடுகிறேன் என்பான், ஒரு மாதம் தாக்குப்பிடிப்பான், சம்பள நாளன்று சரிந்துவிடுவான். அவன் பெண்டாட்டி முதலில் கூப்பிடுவது என்னைத்தான். "அண்ணே, நீங்க வந்தாதான் அடங்குவார்." கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். அவனைக் குளிப்பாட்டி, மோர் குடிக்க வைத்து, தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பிறகு அந்தப் பெண் எனக்கு ஒரு காபி கொண்டுவந்து வைப்பாள். அந்த வீட்டில் முதல் டம்ளர் எனக்குத்தான். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றுகூட என்னைத்தான் கேட்டார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கேட்டார்களே, அதுதான் முக்கியம்.

அப்புறம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். லிஃப்டுக்கு ஒரு மாத்திரை எழுதினார். தினமும் காலையில் பெண்டாட்டி கையால் கொடுக்க வேண்டும், அவள் கண் முன்னால் விழுங்க வேண்டும். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். அதிகமாகக் குடித்தால் ஆளே போய்விடலாம். அவரைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். நான் என்ன தொழில் என்று கேட்டுவிட்டு டாக்டர் தனியாக ஒரு வார்த்தை சொன்னார். ஸ்பிரிட் கலந்தது எதுவும் அவன் தோலில்கூடப் படக் கூடாதாம், சவரம் செய்தபின் தடவுகிற லோஷன் உட்பட. அன்றிலிருந்து லோஷனுக்குப் பதில் அவனுக்குப் படிகாரம்தான். வேறெந்தக் கடைக்கும் அவன் போகமாட்டான். "என் கழுத்துல கத்தி வைக்க அண்ணனை மட்டும்தான் நம்புவேன்" என்று சொல்லிச் சிரிப்பான்.

மாத்திரை வேலை செய்தது. லிஃப்ட் தேறிவிட்டான். கன்னத்தில் சதை வந்தது, சட்டைக்குக் கஞ்சி போட ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி மட்டும் ஒன்று சொல்லியிருந்தாள். இன்னொரு தடவை குடித்தால் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்ப மாட்டாள். அவனுக்கு உலகத்தில் அந்தப் பெண் குழந்தையைத் தவிர வேறொன்றும் கிடையாது, சார். வேலைக்குப் போகும்போது அதன் ரப்பர் வளையல் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு போவான்.

எனக்குப் போன் வருவது நின்றது. அவர்கள்மேல் குறை இல்லை. வயிற்றுவலி போனபின் மருந்துக்கடைக்காரனை யார் விசாரிப்பார்கள்? ஆனால் ஒரு புதன்கிழமை லிஃப்ட் எழுந்து பேசினான். டாக்டருக்கு நன்றி, பெண்டாட்டிக்கு நன்றி, மகளுக்கு நன்றி. கடைசியில், "கத்தரி அண்ணனும் கூட இருந்தார்" என்றான். நானும் கூட இருந்தேனாம். பந்தியில் பாயசம் தீர்ந்த பிறகு இலை போட்டது மாதிரி இருந்தது. எனக்கு வலித்தது, அதை மறைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் புதிதாக வந்த ஒரு பையன் அவனிடம் போய்த் தனக்குக் கைத்தாங்கலாக இருக்க முடியுமா என்று கேட்டான். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை நடந்தது சத்தியமாகக் கைத்தவறல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் கூட்டம். சவரம் முடிந்ததும் வெந்நீரில் பன்னீர் விட்டுத் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் போடுவேன், அது எங்கள் கடை விசேஷம். பன்னீர் பாட்டிலும் கத்தி துடைக்கிற ஸ்பிரிட் பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பேச்சு சுவாரசியத்தில் எதை எடுத்தேன் என்று பார்க்கவில்லை. கடை முழுக்க எப்போதும் அந்த வாசனைதான், அவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுந்து போகும்போது "என்னமோ படபடங்குதுண்ணே" என்றான். வெயில் என்றேன்.

அரை மணி நேரத்தில் போன். "அண்ணே, குடிச்சிட்டு வந்திருக்கார். கேட்டா இல்லவே இல்லைங்கறார்." போனேன். குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் செங்கல் நிறம். என் கையைப் பிடித்துக்கொண்டான். "சத்தியமா தொடலைண்ணே. நீங்களாவது நம்புங்க."

அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் நான் சொன்னது வேறு. "நம்பறேன்பா. முதல்ல கொஞ்சம் தண்ணி குடி." பிறகு அவன் பெண்டாட்டியிடம் போய், "இந்த ஒரு தடவை விட்டுடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க முகத்துக்காகத்தான் அண்ணே" என்றாள். காபி வந்தது. சார், குடித்த காலத்தில்கூட எனக்கு அப்படி ஒரு நிம்மதி உடம்பில் இறங்கியதில்லை.

லிஃப்ட் ஒரு வாரம் அடம்பிடித்தான், குடிக்கவில்லை என்று. அவனைப் பொறுமையாக உட்கார வைத்துப் பேசினேன். "ஒத்துக்கோ. நம்ம மாதிரி ஆளுக்கு நாம செஞ்சதே நினைவிருக்காது. ஒத்துக்கிட்டா பாதி பாரம் இறங்கிடும்." புதன்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, குடிக்காததைக் குடித்தேன் என்று அழுதுகொண்டே சொன்னான். வாத்தியார் கண் கலங்கிவிட்டார். முதலில் கைதட்டியது நான்தான். அதற்குப் பிறகு அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்தான், பழையபடி.

இரண்டாவது தடவை கைத்தவறல் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்சமாகத்தான் விட்டேன், பன்னீரும் கலந்தேன். அவனுக்குத் தீங்கு வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சற்றே தள்ளாடினால் போதும், பிடிக்க நான் இருக்கிறேனே.

அவன் வீட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தேட ஆரம்பித்தான். அரிசி டப்பா, தண்ணீர்த் தொட்டி, மகளின் பள்ளிக்கூடப் பை. ஒளித்துவைத்த பாட்டிலைத் தேடுகிறானாம். "தூக்கத்துல எழுந்து குடிக்கிறேனா அண்ணே? எனக்கே தெரியாம?" என்று கேட்டான். அதைக் கேட்டபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. நானும் கூடச் சேர்ந்து பரண்மேல் ஏறித் தேடினேன்.

மூன்றாவது தடவையோடு அவள் போய்விட்டாள். இந்தத் தடவை என் முகத்துக்காகக்கூட நிற்கவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான். ஆட்டோவில் ஏறிய பிறகு அந்தக் குழந்தை இறங்கி ஓடிவந்து அவன் கன்னத்தை முகர்ந்து பார்த்தது. அம்மா சொல்லி அனுப்பினாளோ, தானாகவே செய்ததோ. முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டது. நீங்கள் என்னைத் தேடி வந்ததும் அதனால்தான் என்று கேள்விப்பட்டேன். காரியம் முடிந்தபின் அவன் பெண்டாட்டி உங்களிடம் வந்து சொன்னாளாம், "மூணு தடவையும் ஞாயித்துக்கிழமை. வாயில வாசனையே இல்ல சார், கன்னத்துலதான் இருந்துச்சு" என்று. கெட்டிக்காரி. கொஞ்சம் முந்தி யோசித்திருக்கலாம்.

அவள் போன பிறகும் அவன் தினமும் காலையில் மாத்திரையைத் தானே போட்டுக்கொண்டான். பார்க்க ஆளில்லை, கேட்க ஆளில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டான். குடிக்க நினைக்கிறவன் அதைத் தொட மாட்டான், சார். அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி நாள் மத்தியானம் போன் வந்தது. நான் ஒருவருக்குப் பாதி முகம் முடித்திருந்தேன். எடுத்தேன். அன்றைக்கு வேலை பார்த்த கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையிலிருந்து பேசினான். "குடிக்காமலே குடிகாரன்னு ஆயிடுச்சு. இன்னிக்கு நிஜமாவே குடிச்சிட்டேண்ணே, முழு பாட்டில். மூச்சு வாங்குது. வாங்கண்ணே." வருகிறேன் என்றேன். பிறகு மீதிப் பாதி முகத்தையும் முடித்தேன். துண்டு போட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்துத் தட்டிவிட்டேன். கூப்பிட்டதும் ஓடிப்போய் நின்றால் மதிப்பிருக்காது, கொஞ்சம் காத்திருந்தால்தான் வந்தவன் அருமை தெரியும் என்று நினைத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கதவருகிலேயே கிடந்தான். சாவிக்கொத்து கையில் இருந்தது.

அவ்வளவுதான், சார். பாட்டிலை மாற்றியது நான், துண்டைப் போட்டது நான், நேரம் கடத்தியதும் நான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் விழுந்த ஒவ்வொரு தடவையும் நான் போயிருக்கிறேன். இந்த ஊரில் வேறு யார் போனார்கள்?

போகட்டும். சற்று முன்னால் எழுந்து வெளியே போய் வந்தீர்களே. போவதற்கு முன் உங்கள் பேனா மேசையில் தட்டிக்கொண்டே இருந்தது. வந்த பிறகு கை நின்றுவிட்டது, வாயில் ஏலக்காய் மணக்கிறது. தாடைக் கீறலைப் பார்த்தபோதே நினைத்தேன், நடுங்காத கை அப்படி வெட்டாது. கவலைப்படாதீர்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் இருந்ததுதான். விட வேண்டும் என்று தோன்றுகிற நாளில் தனியாக முயற்சி செய்யாதீர்கள், பக்கத்தில் ஆள் வேண்டும். என் நம்பரை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.