நாற்பத்தொரு டிகிரியில் நாலாயிரத்து எண்ணூறு முட்டைகள்

"ஹலோ... ஹலோ! மனுசங்க யாராச்சும் பேசுறீங்களா, இல்ல திரும்பவும் அந்தப் பாட்டுத்தானா? ...ஆ. அப்பாடா. ...ஆமா, ஆமா. பத்தொம்பது நிமிசமா உங்க போனு மூணு பாசையிலயும் காத்திருக்கச் சொல்லுது மிஸ். மூணு பாசையிலயும் காத்திருந்துட்டேன். இனி நாலாவது பாசை என் வாயிலருந்து வரும், அது உங்களுக்குப் புடிக்காது!"

கறுப்பையா பல்லேகலைக்குப் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் குஞ்சு பொரிக்கும் மெசின்களுக்குப் பொறுப்பாளர். பிறந்தது தெல்தோட்டையில். அங்கே ஒரு மலையில் நின்று அவர் கோபத்தில் போட்ட ஒரு சத்தத்துக்கு எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து தானாக உதிர்ந்ததாம். உதிர்ந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. உதிர்ந்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தவர்கள் உண்டு.

"...பேரு கறுப்பையா. ...முட்டை மெசின்தான். உங்க கம்பனி வித்தது. மூணாம் நம்பர். ...என்ன பிரச்சினையா? காலையிலருந்து சொன்ன பேச்சு கேக்குதில்ல! முப்பத்தேழுல வச்சா நாப்பத்தொண்ணுக்குப் போவுது. நான் எறக்குறேன், அது ஏறுது. ...ஆமா, தானா. என் கண்ணு முன்னுக்கே நம்பர் மாறுது. உள்ள நாலாயிரத்து எண்ணூறு முட்டை மிஸ். இன்னைக்கு இருவதாம் நாள், நாளைக்குப் பொரிக்கணும். இப்பிடியே போனா குஞ்சு வராது, அவிச்ச முட்டைதான் வரும்! ...பாலம்மா, தொற! தொற!"

மெசினின் கதவைப் பிடித்தபடி உதவியாள் பாலம்மா நின்றாள். 'தொற' என்றால் திறப்பாள், 'மூடு' என்றால் மூடுவாள். காலையிலிருந்து முட்டைகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது இந்த ஏற்பாடு ஒன்றுதான். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைக் கறுப்பையாவின் கண்ணிமை தீர்மானிக்கும். ஒரு முட்டையை எடுத்து இமையில் ஒற்றிப் பார்ப்பார். அந்த இமை அரை டிகிரி பிசகாது. டவுனில் ஒரு டாக்டர் தம் தெர்மோமீட்டரைச் சரிபார்க்க அவரிடம் கொடுத்தனுப்பினார் என்றும், தெர்மோமீட்டர் தோற்றுப்போய்த் திரும்பியது என்றும் பேச்சு.

"...என்னது? வெளியிலருந்து எவனோ மெசின ஆட்டுறானா? யாரு? ...உலகத்துல எங்கருந்து வேணும்னாலுமா! என் முட்டைக்கு உலகத்துல எவன் மிஸ் எதிரி? ...சும்மா வெளையாட்டுக்கா! ...இன்டர்நெட் ஒயரா? இருக்கு. மொதலாளி மஹய்யாவயில இருக்குற வீட்டுல படுத்துக்கிட்டே போன்ல சூடு பாக்கணும்னு போட்டது. இந்த ஒரு மெசினுக்குத்தான் இழுத்திருக்கு, மத்ததுக்கு அடுத்த கெழம. ...புடுங்கணுமா? இந்தா, புடுங்கிட்டேன். ...இல்ல, இன்னும் நாப்பத்தொண்ணுலதான் நிக்குது. இப்ப எறக்கப் போனா பாஸ்வேர்ட் கேக்குது. ...நம்ம பாஸ்வேர்டத்தான் போட்டேன்! ஏத்துக்குதில்ல. ...மாத்திட்டானா? பூட்டிட்டு சாவியயும் எடுத்துட்டுப் போயிட்டானா? ...கரண்ட நிப்பாட்டிப் போட்டாச்சு மிஸ், அதெல்லாம் பாத்தாச்சு. எழும்பினதும் திரும்ப நாப்பத்தொண்ணு! மூடு, பாலம்மா!"

பாலம்மா மூடினாள்.

"...பொறுங்க, பொறுங்க. மெல்லச் சொல்லுங்க. ...மெசினுக்குள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர்... ம்... அதுக்குள்ள ஒரு சிஸ்டம்... ம்... அதுல ஒரு ஓட்டை. அது வழியா வந்திருக்கான். ...அந்த ஓட்டைய அடைக்கத்தான் அப்டேட்டு. சரி. ...என்னது? போடலயா? யாரு போடல? நானா?"

இதுவரை வந்தது கோபத்தின் முன்வரிசை. பின்னால் நின்ற கூட்டம் இப்போதுதான் புறப்பட்டது.

"ரெண்டு வருசத்துல நாலு பென் டிரைவ் அனுப்பினீங்க மிஸ்! நாலு! தபால்ல வந்துச்சு, கையெழுத்துப் போட்டு வாங்கி, என் கையாலயே சொருகினேன். ஒண்ணாவது உள்ள போச்சா? பாதியில நிக்குது! நாலும் பழுது! நாலையும் பெட்டியில போட்டு வச்சிருக்கேன், சாட்சிக்கு! இந்தக் கம்பனி பென் டிரைவ் அனுப்பல, பேனா மூடி அனுப்புதுன்னு மொதலாளிக்கு நாலு கடுதாசி எழுதினேன்! ...ஆமா, நான்தான். ...உங்களுக்கும் அனுப்பினாரா? வாசிச்சீங்களா? ...நல்லாத்தான எழுதியிருந்தேன்?"

மறுபடி முட்டையை இமையில் வைத்தார்.

"தொற! ...உங்களுக்கில்ல மிஸ், பாலம்மாவுக்கு. ...டோர்ச்சா? எதுக்கு? ...சொருகுற ஓட்டையப் பாக்கணுமா? பாக்குறேன். ...ஒண்ணுமில்ல. ...பொறுங்க, இருக்கு. மஞ்சளா என்னமோ... துரு. துருதான். உங்க மெசினு துருப்புடிக்குது, அதயும் எழுதிக்கோங்க! ...மோந்து பாக்கணுமா? என்ன மிஸ் நீங்க, நான் என்ன நாயா? ...சரி, சரி."

கறுப்பையா குனிந்து முகர்ந்தார். நிமிர்வதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது.

"...இருக்கேன், இருக்கேன். ...சந்தன வாசம் வருது மிஸ். ...ஆயுத பூசையா? அது உங்களுக்கு எதுக்கு? ...செய்யாம? வருசா வருசம் செய்றோம். ஐயர் வர்றாரு, அவல் கடலை எல்லாம் இருக்கு. ...மெசினுக்குப் பொட்டு வைக்காமயா? கத்திக்கு வைக்கிறோம், லொறிக்கு வைக்கிறோம், இதுக்கு மட்டும் வைக்காட்டி கோவிச்சுக்காதா? ...எங்க வைப்பேனா? நெத்தியிலதான். ...அதாவது... இந்தப் பக்கம் ஒரு லைட்டு, அந்தப் பக்கம் ஒரு லைட்டு, ரெண்டு கண்ணு மாதிரி. நடுவுல... ஆமா. ...அதுதான். அந்த ஓட்டைதான். ...பெருவெரலுக்கு அளவா இருந்துச்சு தங்கச்சி. நல்லா அமுக்கி..."

கறுப்பையா பெருவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சிரிக்கிறீங்களா? ...இல்ல, சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. ...பக்கத்து மேசையா? அவங்களுக்கும் சொல்லிட்டீங்களா! ஏன், செஞ்சவன் அதுக்கு ஒரு மூடி போட்டிருக்கலாமுல்ல? பொஸ்தகம் குடுத்தீங்களே, நாப்பது பக்கம்! தண்ணி ஊத்தாதேன்னு இருக்கு, உதைக்காதேன்னு இருக்கு, சந்தனத்தப் பத்தி ஒரு வரி இருக்கா? இருக்கா தங்கச்சி? ...ம். அப்ப? ...சரி, விடுங்க. அந்த ஓட்டைய அடைக்க இந்த ஓட்டைய நோண்டணும், அவ்வளவுதான? ...ஊசி கூடாது. ஈக்குக் குச்சி? சரி. ...கரண்ட நிப்பாட்டிட்டு. சரி. பாலம்மா, மூடிட்டு ஓடிப் போய் வெளக்குமாத்துலருந்து ஒரு குச்சி உருவிட்டு வா!"

மூன்று வருடச் சந்தனம் வெளியே வந்தது. முதலில் தூளாக, பிறகு கட்டியாக, கடைசியில் ஓர் அரிசி மணியும் வந்தது. பண்ணை முழுக்கக் கோயில் மணம். வாசலில் மேய்ந்துகொண்டிருந்த சேவல் ஒன்று அன்று முழுவதும் புழுவைத் தொடவில்லை.

"...கரண்ட போட்டாச்சு. நாலாவது பென்ன சொருகுறேன். ...போயிருச்சு. தங்கச்சி, முழுசா உள்ள போயிருச்சு! ...ஓடுது. மூணு பர்சன்ட். ...என்னது? முடியிற வரைக்கும் சூடும் இல்ல, காத்தும் இல்லயா? பன்னெண்டு நிமிசமா? இதத்தான் மொதல்ல சொல்லணும்! பாலம்மா, கதவத் தொறந்துறாத! மூலையில கெடக்குற கம்பளிய எடுத்து மெசினு மேல போத்து! ரெண்டையும்! ...முப்பத்தொம்பது பர்சன்ட். ...அம்பத்தெட்டு. ...நின்னுருச்சு! தங்கச்சி, நின்னுருச்சு! ...கை வைக்கல. சத்தியமா. பாலம்மாவும் வைக்கல. ...அறுவது. ...மூச்சு விடலாமா? ...தொண்ணூறு. ...நூறு! ஐயோ, அணைஞ்சிருச்சு! ...ம்... எரியுது, எரியுது. காத்தாடி சுத்துது. புது பாஸ்வேர்ட் கேக்குது. ...போட்டாச்சு. ...உங்களுக்கும் சொல்ல மாட்டேன்! ...முப்பத்தேழு. நிக்குது மக. முப்பத்தேழுலயே நிக்குது."

கம்பளியை விலக்கி ஒரு முட்டையை எடுத்து இமையில் வைத்தார். சூடு சரியாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோது முட்டை உள்ளிருந்து இமையை ஒரு தட்டுத் தட்டியது.

"...பேசாதீங்க மக. முட்டையில போன ஒட்டி வச்சிருக்கேன். ...கேட்டுச்சா? ...தட்டுறான். உள்ளருந்து தட்டுறான்."

பாலம்மா முகத்தை முந்தானையால் துடைத்தாள். வியர்வை என்று சொன்னாள்.

"...சந்தோசம் மக. ...ஆமா, மொதலாளிக்கு நானே எழுதிர்றேன், கம்பனி மேல தப்பில்லன்னு. ...எழுதுறேன்னு சொல்றேன்ல! ...இனி சந்தனம் மெசினு கூரையிலதான். சரி. ...ம்? என்னது? மத்த மெசினா?"

கறுப்பையா திரும்பிப் பார்த்தார். சுவரோரமாக இன்னும் நாலு மெசின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும், இரண்டு விளக்குகளுக்கு நடுவே, பெருவிரல் அளவில் மஞ்சள் பொட்டு. அதற்கு மேல் குங்குமம்.

"...ஹலோ? ஹலோ? சத்தம் விட்டு விட்டு வருது மிஸ்... இல்லீங்க, ஒண்ணும் வெளங்குதில்ல... மலைப் பக்கம்தான, சிக்னல் இல்ல... ஹலோ..."

சிக்னல் நாலு கோடும் நிறைந்திருந்தது. அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"பாலம்மா, அந்த வெளக்குமாத்த முழுசா கொண்டா."