தரையின் வேகம்

— படம் செக்கச்செவேல்னு நல்லாதானே கீது கவிதா. இதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிகினு குந்திகினு கீற?

— அதான் பாவா வெனையே. சப்பைத் தகடுமேல தண்ணி ஓடறாப்ல கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டிருக்கேன். தகட்டை ஒட்டின தண்ணி நகராது, அங்க நீலமா ஒரு பட்டை விழணும். இங்க மேலயிருந்து கீழவரைக்கும் ஒரே செவப்பு.

— செவப்புன்னா?

— முழு வேகம்.

— நம்ம கரும்புக்கு இந்த வேகத்துல தண்ணி பாஞ்சா ஒருநாள்ல முடிச்சுடுவேன்.

— வெளையாடாதீங்க. பன்னெண்டு மணிக்குள்ள இந்தப் படம் புனேவுக்குப் போகணும். போனாதான் ரெண்டு வருச ஆராய்ச்சிக்கு எடம். நேத்து எல்லாத்தையும் சரிபாத்துட்டுதான் படுத்தேன். நான் குளிக்கப் போனப்ப எதையாவது தொட்டீங்களா?

— கணக்கை ஓட்டிவிடச் சொன்னே, ஓட்டிவிட்டேன்.

— வேற?

— வேற தொடலன்னு சொல்ல முடியாது.

— பாவா.

— தரைன்னு எழுதி, வேகம்னு எழுதி, நேரா மொட்டையா ஒரு சைபர் போட்டிருந்தே. நல்ல காரியத்துல யாராவது சைபர்ல நிறுத்துவாங்களா? மொய் வச்சாகூட மேல ஒண்ணு சேத்துதானே வைக்கறோம். அதான் ஒண்ணாக்கினேன்.

— தரைங்கறது அந்தத் தகடுதான். தண்ணியோட வேகமும் ஒண்ணு. கூடவே தரையும் ஓடினா தண்ணி எங்க போய் நிக்கும்? நெசத்தைச் சொல்லுங்க. பொண்டாட்டி போகக்கூடாதுன்னுதானே செஞ்சீங்க?

— சன்னலைத் திற. அந்த மலைமேல கீற சாமிமேல ஆணையா இல்ல. உனக்கு நல்லது நடக்கணும்னுதான் போட்டேன்.

— சரி, சரி. சைபராக்கிட்டேன். அரை மணி நேரம் ஓடும். பக்கத்துல வராதீங்க.

— வரல. காப்பி மட்டும் வச்சுட்டுப் போறேன்.

— பாவா, அரை மணி ஆச்சு, ஓடியாங்க. தரையோரம் பாருங்க.

— ஆங், நீலம் வந்துகினு கீது. அனுப்பு, அனுப்பு.

— அனுப்பிட்டேன். ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. அந்தச் செவப்பைப் பாத்தப்ப, எடம் கெடைக்காம போனாலும் பரவால்லன்னு ஒரு நிமிசம் தோணிச்சு. ரெண்டு வருசம் உங்கள விட்டுட்டு எப்படி இருப்பேன்?

— அது நான் சொல்ல வேண்டிய பேச்சு.

— வேற எந்த சைபர்லயும் கை வைக்கலியே?

— இந்தக் கணக்குல இல்ல.

— பின்ன எதுல?

— பூனாவுல வீடு கேக்கற ஃபாரம். கூட வர்றவங்க எத்தனை பேருன்னு கேட்டிருந்தான், நீ சைபர் போட்டிருந்தே. கரும்பை அண்ணன்கிட்ட ஒப்படைச்சுட்டு வந்து, அதையும் ஒண்ணாக்கிட்டேன்.